பரிசு யார் கையிலிருந்து வரவேண்டும்?

அன்புள்ள ஐயா,

எங்கள் அலுவலகத்தில் இருபது பேர் சேர்ந்து இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஒரு குழந்தைகள் இல்லத்துப் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். பண்டிகையன்று நேரில் போய், ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பதாகத் திட்டம். படம் எடுத்து நிறுவனத்தின் பக்கத்தில் போட வேண்டும் என்கிறார் மேலாளர். சிலர் வீட்டில் கிடந்த பழைய பொம்மைகளையும் கொண்டுவந்திருக்கிறார்கள். இதையெல்லாம் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தபோது என் எட்டு வயது மகள், "ஏம்மா, அவங்களுக்கு அவங்க அம்மா அப்பா வாங்கித் தர மாட்டாங்களா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. அன்றிலிருந்து மனதில் ஒரு நெருடல். நாங்கள் செய்யப்போவது சரிதானா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

கொடுக்க வேண்டும் என்று உங்கள் இருபது பேருக்கும் தோன்றியிருப்பது எனக்கு நிஜமாகவே மகிழ்ச்சி. அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் உங்கள் மகள் கேட்டதிலிருந்துதான் தொடங்க வேண்டும். இல்லங்களில் வளரும் பிள்ளைகள் எல்லோரும் அநாதைகள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உலகம் முழுக்கவே அப்படி இல்லை. பெரும்பாலானவர்களுக்கு அம்மாவோ அப்பாவோ ஒருவராவது இருக்கிறார். வறுமை, நோய், சிறை, குடும்பம் உடைந்துபோனது என்று ஏதோ ஒன்று பிள்ளையை அங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது. அந்தப் பெற்றோருக்கும் வாங்கித் தர ஆசை இருக்கும். கையில்தான் இருக்காது.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் அமெரிக்காவின் மேரி கே பியர்ட். வங்கிக் கொள்ளைக்காகச் சிறையில் இருந்தவர். கிறிஸ்துமஸ் சமயத்தில் தேவாலயங்களிலிருந்து வருபவர்கள் கைதிகளுக்குச் சோப்பு, பற்பசை, ஷாம்பு என்று சின்னச் சின்னப் பொருட்கள் கொடுப்பார்கள். அங்கிருந்த அம்மாக்கள் அவற்றைத் தாங்கள் பயன்படுத்தாமல் எடுத்துவைத்து, பார்க்க வரும் தங்கள் பிள்ளைகளுக்குப் பரிசாகக் கொடுப்பார்களாம். ஒரு பற்பசைக் குழாய். அதை வாங்கிக்கொண்ட பிள்ளைகளுக்கு அவ்வளவு சந்தோஷம், ஏனென்றால் கொடுத்தது அம்மா. விடுதலையான பிறகு, 1982இல், பியர்ட் அலபாமா மாநிலத்தில் வணிக வளாகத்தில் கிறிஸ்துமஸ் மரம் வைத்து, சிறையில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்கு என்ன வேண்டும் என்று தாள்களில் எழுதித் தொங்கவிட்டார். யார் யாரோ வாங்கிக் கொடுத்தார்கள். ஆனால் பிள்ளையின் கைக்குப் போகும்போது அது அதன் அம்மாவோ அப்பாவோ அனுப்பிய பரிசாகப் போனது. ஏஞ்சல் ட்ரீ என்ற பெயரில் அது இன்றும் நடக்கிறது.

கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு மூலமான மைரா என்ற ஊரின் புனித நிக்கோலாஸைப் பற்றிய பழங்கதையும் இதைத்தான் சொல்கிறது. மூன்று பெண்களுக்கு வரதட்சணை கொடுக்க வழியில்லாத ஒரு தகப்பனின் வீட்டுக்குள் ராத்திரியில் பொன்முடிப்பை எறிந்துவிட்டு, யாரென்று தெரியாமல் போய்விடுவார் அவர். காலையில் அந்த மனிதர் தன் பெண்கள் முன்னால் தலைநிமிர்ந்து நிற்க முடிந்தது.

அதனால் உங்கள் திட்டத்தில் நான் முக்கியமாக மாற்றச் சொல்வது ஒன்றுதான். பிள்ளைகளின் கையில் நீங்கள் கொடுக்காதீர்கள். பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே இல்லத்தில் ஒப்படைத்துவிடுங்கள். பார்க்க வரும் பெற்றோர் கொடுக்கட்டும். யாரும் வராத பிள்ளைக்கு, காய்ச்சல் வந்த ராத்திரியில் கூட உட்கார்ந்திருந்த அந்த இல்லத்து அக்காவோ அண்ணனோ கொடுக்கட்டும். பெயர் கூப்பிட்டு, எழுந்து வரச் சொல்லி, நன்றி சொல்ல வைத்து வாங்கும் பரிசு பிள்ளைக்குக் கூச்சத்தையும் சேர்த்தே கொடுக்கிறது. படம் வேண்டும் என்றால் அடுக்கிவைத்த பெட்டிகளைப் படம் எடுங்கள். மேலாளரிடம் இதைப் பக்குவமாகச் சொன்னால் புரிந்துகொள்வார்.

பழைய பொம்மைகள் விஷயம். சில வருடங்களுக்கு முன்பு இப்படி வந்த பொருட்களைப் பிரித்துவைக்கும் வேலைக்குப் போயிருந்தேன். துண்டுகளைச் சேர்த்துப் படம் அமைக்கும் ஒரு ஜிக்சா பெட்டி, மேலே 100 துண்டு என்று போட்டிருந்தது. தரையில் உட்கார்ந்து மூன்று பேர் சேர்த்துப் பார்த்தோம். வானத்தின் நடுவில் ஒரு துண்டு இல்லை. கொண்டுவந்தவர் நல்ல மனதோடுதான் கொண்டுவந்திருப்பார். ஆனால் ஒரு பிள்ளை ராத்திரி வரை உட்கார்ந்து அடுக்கி முடிக்கும்போது அந்த ஓட்டை தெரியும், இது இன்னொருவருக்கு வேண்டாமல் போனது என்பதும் தெரியும். வருடத்தின் மற்ற நாட்களில் நல்ல நிலையில் உள்ள பழையதைத் தாராளமாகக் கொடுங்கள். கிறிஸ்துமஸ் பரிசு மட்டும் புதிதாக இருக்கட்டும், சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.

வாங்குவதற்கு முன் இல்லத்தில் வயதும் விருப்பமும் கேட்டுப் பட்டியல் வாங்கிக்கொள்ளுங்கள். எல்லோரும் கரடி பொம்மையே வாங்குவார்கள், பதின்மூன்று வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு ஒன்றும் மிஞ்சாது. அவர்களுக்குக் கால்பந்து, நல்ல ஹெட்ஃபோன், படம் வரையும் பொருட்கள், ஒரு பை என்று எதுவானாலும் அவர்கள் கேட்டதாக இருக்கட்டும். மூன்று வயதுக்குள் இருப்பவர்களுக்குச் சின்னத் துண்டுகள் கழன்று வரும் பொம்மை வேண்டாம். காசு மாதிரி வட்டமான பட்டன் பேட்டரி போட்ட பொருளென்றால், திருகாணி போட்டு மூடியதுதானா என்று பாருங்கள். அந்த பேட்டரியை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம். சாதாரண பேட்டரி போடுவதென்றால் அதையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.

அப்புறம், பரிசுத்தாள் சுற்றாமல் கொடுங்கள். தாள், ரிப்பன், ஒட்டுநாடா, கத்தரி எல்லாம் தனியாக ஒரு பையில் வையுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று இல்லத்தார் சரிபார்க்க முடியும். அதோடு, பார்க்க வரும் ஒரு அம்மா தன் பிள்ளைக்கானதைத் தானே சுற்றி, பெயரெழுதி, மூலையை மடித்து ஒட்ட முடியும். அந்தத் தாளை உங்கள் மகளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். எதற்கு என்று கேட்டால், "அவங்க அம்மா சுத்திக் கொடுக்கிறதுக்கு" என்று சொல்லலாம். அவள் கேட்டதற்கு அதுவே பதில்.

பட்டியல் வந்ததும் எழுதுங்கள். பெரிய பிள்ளைகள் என்ன கேட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

அன்புடன்.