ஆள் வராங்க – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

என் ஊர் குடியாத்தம். பி.காம் முடித்துவிட்டு ஊரிலேயே ஒரு ஆடிட்டர் ஆபீசில் மூன்று வருடம் இருந்தேன். இப்போது ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. பிரிவில் என்னோடு சேர்த்து ஏழு பேர். மற்ற ஆறு பேரும் பல வருடமாக ஒன்றாக இருப்பவர்கள். முதல் நாள் "குடியாத்தத்துல எந்தப் பக்கம்?" என்று கேட்டார்கள், சொன்னேன். மதியம் அவர்கள் மேசையில் உட்காரப் போனேன். "அங்க ஆள் வராங்க" என்றார்கள். கடைசி வரை யாரும் வரவில்லை. அன்றிலிருந்து தனியாகத்தான் சாப்பிடுகிறேன். நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது, இல்லாவிட்டால் உருதுவுக்கு மாறுகிறது. நாங்கள் வீட்டில் தெலுங்கு பேசுபவர்கள், எனக்கு உருது ஒரு வார்த்தை தெரியாது. என்னைப் பற்றித்தான் பேசுகிறார்களோ என்று இருக்கிறது. அவர்களுக்குள் ஒரு வாட்ஸப் குழு உண்டு. போன மாதம் ஆடிட்டர் வரும் தேதி மாறியதை அதில் மட்டும் போட்டிருக்கிறார்கள். என் வவுச்சர் ஃபைல் தயாராக இல்லை என்று மேனேஜர் எல்லார் முன்பும் திட்டினார். கம்பெனி பஸ்ஸில் ஏறும்போதே வயிற்றைப் பிசைகிறது. குறை என் மேலா? வேலையை விட்டுவிடலாமா?

ச.

அன்புள்ள ச.,

"ஆள் வராங்க" என்ற சொல்லை எங்கே படித்தாலும் எனக்கு ஏலகிரி எக்ஸ்பிரஸ் ஞாபகம் வந்துவிடும். ஜோலார்பேட்டையிலிருந்து விடியற்காலையில் சென்னைக்குக் கிளம்புகிற வண்டி. அங்கே ஏறிய சீசன் டிக்கெட்காரர் ஒரு கைக்குட்டையை விரித்து ஆம்பூர்க்காரருக்கு இடம் போடுவார், ஆம்பூர்க்காரர் தன் பையை வைத்துக் காட்பாடிக்காரருக்குப் போடுவார். புதிதாக ஏறியவன் காலி இடத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அரக்கோணம் வரை நிற்பான். அந்த வண்டியில் குறைந்தபட்சம் வருவதாகச் சொன்ன ஆள் வந்துவிடுவார்.

எனக்கும் அது நடந்தது. 1987ல் வேலூரில் ஒரு அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். என் ஊர் செங்கம் பக்கம். திருவண்ணாமலை இன்னும் பிரியவில்லை, 1989ல்தான் பிரிந்தது. ஆகவே பேருக்கு நானும் அதே வட ஆற்காடு மாவட்டத்துக்காரன்தான். ஆனால் வேலூர்க்காரர்களுக்கு நான் வெளியூரான். என் பெயரைக்கூட யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. "இன்னாபா செங்கம், தபால் போட்டாச்சா?" என்பதோடு சரி. பத்துப் பேர் ஒரு நீள மேசையில் செய்தித்தாளை விரித்துச் சாப்பிடுவார்கள். நான் பதிவறையில் கட்டுக் கட்டாக அடுக்கிய பழைய கோப்புகளுக்கு நடுவே டப்பாவைத் திறப்பேன். வேலூர் மே மாதத்தில் மின்விசிறி இல்லாத பதிவறை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆற்காடு மக்கன் பேடா ஒரு கிலோ வாங்கிக்கொண்டுபோய் அந்த மேசையில் வைத்தேன். தின்றார்கள். நன்றாயிருக்கிறது என்றார்கள். மறுநாளும் நான் பதிவறையில்தான் சாப்பிட்டேன்.

நான் போனதும் அவர்கள் பேச்சை நிறுத்தியது என்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததால் என்றே நம்பினேன். பிறகுதான் தெரிந்தது, அந்த மேசை ஒரு சீட்டு. பத்துப் பேர், ஆளுக்கு மாதம் 50 ரூபாய், குலுக்கலில் பெயர் வந்தவருக்கு 500. இரண்டாம் மாதமே எடுத்துவிட்ட ஒருவர் அதற்குப் பிறகு பணம் கட்டவில்லை. அந்தத் தகராறுதான் தினமும் சாப்பாட்டு நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வெளியாள் வந்தால் மூடிவிடுவார்கள். சீட்டு மட்டும் இல்லை. ஊழியர்களுக்குள்ளேயே சேமித்துக் கடன் கொடுக்கிற சிக்கன நாணயச் சங்கத்தில் ஒருவர் வாங்கிய கடனுக்கு இன்னொருவர் ஜாமீன் கையெழுத்து. ஒருவர் மனைவிக்கு சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் என்றபோது இரண்டு பேர் போய் ரத்தம் கொடுத்திருந்தார்கள். ஒருவர் தங்கை கல்யாணத்துக்கு இன்னொருவர் வீட்டு நகை அடகுக்குப் போயிருந்தது. வெளியிலிருந்து எனக்குக் கேட்டது சிரிப்புச் சத்தம் மட்டும்தான். உள்ளே ஏழெட்டு வருடத்துப் பற்று வரவு இருந்தது. நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர், இது உங்களுக்குச் சீக்கிரம் புரியும்: பாக்கி இல்லாதவனுக்கு அந்தப் பேரேட்டில் பக்கமே கிடையாது.

என் பக்கம் திறந்தது தற்செயலாக. அம்மாவுக்குக் கண்ணில் புரை. ஷெல் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டும். 1902ல் கட்டிய ஆஸ்பத்திரி, வேலூரில் எல்லாருக்கும் தெரிந்த இடம், எனக்கு மட்டும் எந்த வாசல் என்றுகூடத் தெரியாது. மேசைத் தலைவர் மாதிரி இருந்த மூத்த எழுத்தரிடம் போய், "காலைல எத்தனை மணிக்குப் போனா பார்க்க முடியும் சார்?" என்று கேட்டேன். மனிதர் பேனாவை மூடி வைத்துவிட்டு அரை மணி நேரம் பேசினார். ஆரணி ரோட்டில் எங்கே இறங்குவது, முதலில் எந்த வரிசை, சாப்பாடு எங்கே வாங்கலாம் எல்லாம். மறுநாள் காலை நானும் அம்மாவும் போனபோது அவர் சைக்கிளோடு வாசலில் நின்றிருந்தார். அந்த வாரமே மேசையில் எனக்கு ஓர் இடம் ஒதுங்கியது. சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. வேலூர்க் கோட்டைக்குள் தனக்கென்று அவ்வளவு பெரிய கோயிலை வைத்துக்கொண்டு ஜலகண்டேஸ்வரர் சாமியே 1981 வரை கோட்டைக்கு வெளியில் இருந்தார், ஆறு மாதம் பெரிதில்லை என்று பிற்பாடு சொல்லிச் சிரித்துக்கொள்வேன். அப்போது சிரிப்பு வரவில்லை.

கொடுத்தபோது திறக்காதது கேட்டபோது திறந்தது. ஏன் என்று ரொம்ப நாள் யோசித்தேன். இனிப்பு கொடுத்தால் அவர்கள் எனக்குக் கடன்பட்டவர்கள் ஆகிறார்கள், அது யாருக்குப் பிடிக்கும்? உதவி கேட்டால் நான் கடன்பட்டவன். அந்த உறவில் அவர்களுக்குப் பயமில்லை. ஆகவே பிரியாணி பொட்டலம் எல்லாம் வேண்டாம். ஆறு பேரையும் ஒரேயடியாகப் பார்க்காதீர்கள், ஆறு பேர் சேர்ந்தால் அது சுவர்தான். ஒருவரைத் தனியாகப் பிடித்து, அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைக் கேளுங்கள். ஆடிட்டர் ஆபீசில் ஜிஎஸ்டிஆர்-1 என்கிற விற்பனைக் கணக்குப் படிவம் நீங்கள் நூறு போட்டிருப்பீர்கள். ஆனால் ஏற்றுமதிக்காகச் சுங்க வரியைத் திருப்பி வாங்குகிற ட்ராபேக் கணக்கு உங்களுக்குப் புதிதாகத்தான் இருக்கும். அதில் உண்மையாகவே புரியாத இடம் ஒன்றிரண்டு இருக்குமே, அதைக் கேளுங்கள்.

உருது விஷயத்தில் நீங்கள் கொஞ்சம் அவசரப்படுகிறீர்கள் என்று தோன்றுகிறது. மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று தோல் தொழில் நடக்கிற இடமெல்லாம் அது வீட்டுப் பாஷை. அம்மாவிடம் பேசுகிற பாஷையில்தான் மனிதன் அலுப்பையும் பேசுவான். நீங்கள் பஸ்ஸில் உங்கள் ஊர்ப் பெண்ணோடு தெலுங்கில் பேசும்போது பக்கத்துச் சீட்டுக்காரர் என்ன நினைப்பார் என்று எண்ணியிருக்கிறீர்களா? உங்கள் பிரிவுக்காரர் ஒருவரிடம் என்ன பேசினீர்கள் என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மாமியார் கதையாகத்தான் இருக்கும்.

ஆடிட்டர் தேதி விஷயம் வேறு. அதை இதோடு கலக்காதீர்கள். சாப்பாட்டு மேசை அவர்கள் சொந்தம், யாரை உட்கார வைப்பது என்பது அவர்கள் பாடு. வேலைச் செய்தி அவர்கள் சொந்தம் இல்லை, கம்பெனி உங்களுக்குத் தர வேண்டியது. மேனேஜரிடம் யார் பெயரையும் சொல்லாமல், "தேதி மாறியது எனக்கு வரவில்லை சார், இனிமேல் பிரிவு முழுவதற்கும் மெயிலில் போட்டால் நல்லது" என்று சொல்லுங்கள். சொன்னதையே அன்று சாயங்காலம் இரண்டு வரி மெயிலாகவும் அனுப்பி வையுங்கள். அந்த வாட்ஸப் குழுவில் சேரத் துடிக்காதீர்கள். அது அனேகமாக மேனேஜரைத் திட்டுவதற்காக ஆரம்பித்த குழு. நான்கு மாத ஆளை அதில் சேர்க்க யாருக்கும் தைரியம் வராது.

இன்னொன்று, எழுதத் தயக்கமாக இருந்தாலும் எழுதிவிடுகிறேன். "எந்தப் பக்கம்?" என்ற கேள்வி. நம் ஊரில் அது வரைபடத்துக்காகக் கேட்கிற கேள்வி இல்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஊர் கேட்டு, தெரு கேட்டு, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டு ஒரு இடத்தில் வந்து நிற்பார்கள். பதில் சொன்ன பிறகு அவர்கள் முகம் மாறியதா இல்லையா என்று நீங்கள் எழுதவில்லை. மாறவில்லை என்றால் மேலே நான் சொன்னதெல்லாம் பொருந்தும். மாறியிருந்தால் ஒன்றும் பொருந்தாது. அந்த மேசைக்காக நீங்கள் ஒரு அடிகூட எடுத்துவைக்க வேண்டாம். ஷூ பிரிவில் தையல் லைனில் இருக்கும் பெண்களோடு போய்ச் சாப்பிடுங்கள், உங்கள் பஸ்ஸில் வருகிறவர்கள்தானே. டப்பாவைப் பற்றி, தண்ணீர்க் குவளையைப் பற்றி யாராவது ஒரு சொல் சொன்னால், தேதி போட்டு எழுதி வையுங்கள். எனக்கும் எழுதுங்கள். அப்போது இப்படிச் சாவகாசமாகப் பதில் போடமாட்டேன்.

குறை உங்கள் மேல் இருப்பதாகக் கடிதத்தில் எதுவும் தெரியவில்லை. வேலையை இப்போதைக்கு விட வேண்டாம். ஒரு வருட அனுபவத்தோடு வெளியே வருவது வேறு, நான்கு மாதத்தில் வருவது வேறு. அடுத்த இடத்தில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் என்னை நல்லவனாகவே காட்டிவிட்டேனோ என்று உறுத்துகிறது. அந்த மேசையில் உட்கார்ந்து ஆறேழு வருடம் ஆன பிறகு, திருப்பத்தூர் பக்கத்திலிருந்து ஒரு பெண் மாற்றலாகி வந்தார். முதல் நாள் டப்பாவோடு வந்து என் பக்கத்து நாற்காலியில் கை வைத்தார். நான்தான் சொன்னேன், "அங்க ஆள் வருதும்மா" என்று. யாரும் வரவில்லை. அன்று சீட்டுக் குலுக்கல், அவ்வளவுதான் காரணம். மறுநாள் கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை. எட்டு மாதத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ரொம்ப வருடம் கழித்துக் காட்பாடி ஸ்டேஷனில் ஒருநாள் அவர்தான் என்னை அடையாளம் கண்டுகொண்டார். பெயர் ஞாபகம் இல்லை அவருக்கு. "சார், நீங்க அந்த மேசைல ஜன்னல் பக்கமா உக்காருவீங்களே" என்றார். பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார், என்னைப் பற்றிக் கேட்டார், வண்டி வந்ததும் ஏறிவிட்டார். அந்த எட்டு மாதமும் அவர் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார் என்று நடைமேடையில் நின்று யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை.