கரையடியில் ஈரம், கலிங்கில் மூட்டை: சிறு அணைக் கேள்விகள்

மழைக்கு முன்னால் வரும் கேள்விகள் ஒரு தினுசு. மழை பிடித்த பிறகு ராத்திரி பதினோரு மணிக்கு வருபவை வேறு தினுசு. இந்தத் தடவை நல்லவேளையாக முதல் வகைதான் அதிகம். எல்லாமே மண் கரை போட்ட சிறு அணைகளைப் பற்றியவை, ஐந்து மீட்டர் முதல் பத்துப் பன்னிரண்டு மீட்டர் உயரம் வரை. உபரி நீர் வழியும் இடத்தைக் கலிங்கு, கலுங்கு, மறுகால், ஸ்பில்வே என்று ஆளுக்கொரு பெயரில் எழுதியிருக்கிறீர்கள். நான் கலிங்கு என்றே எழுதுகிறேன்.

கரையடியில் ஒரு இடம் எப்போதும் ஈரமாகவே இருக்கிறது. அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். பயப்பட வேண்டுமா?

அப்பா காலத்தில் எவ்வளவு ஈரம் என்று யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா? இல்லையென்றால் "அப்போதிருந்தே அப்படித்தான்" என்பது வெறும் ஞாபகம், அதை நம்பி ஒன்றும் சொல்ல முடியாது. கசியாத மண் கரை உலகத்தில் கிடையாது, அதனால் கசிகிறதே என்று பதற வேண்டாம். நான் கேட்பது இரண்டே விஷயம்: கசிவு கூடுகிறதா, கலங்கலாக வருகிறதா?

கலங்கலைப் பார்க்க ஒரு கண்ணாடி பாட்டில் போதும். மழை இல்லாத நாளில், நீர் வெளியே வரும் வாயிலேயே பிடியுங்கள், கொஞ்சம் தள்ளி ஓடும் இடத்தில் பிடித்தால் தரையின் சேறும் சேர்ந்துகொள்ளும். இரவு முழுக்க அசைக்காமல் வைத்துவிட்டுக் காலையில் அடியைப் பாருங்கள். மெல்லிய கோடு மாதிரி வண்டல் படிந்திருந்தால் அது உங்கள் கரையின் மண். தினமும் ஒரு சிட்டிகை வெளியே போனால் உள்ளே அந்த அளவுக்கு ஒரு பொந்து வளர்கிறது என்று அர்த்தம், அது நீர்ப்பக்கம் வரை போய்த் திறந்துகொண்டால் அப்புறம் நம் கையில் ஒன்றுமில்லை.

அளவு எடுப்பதும் சுலபம். கசிவை ஒரு சிறு வாய்க்காலாக வெட்டி ஒன்றுசேர்த்து, ஒரு குழாய்த்துண்டு வழியாக விட்டு, பத்து லிட்டர் வாளி நிரம்ப எத்தனை நொடி என்று பாருங்கள். 50 நொடி என்றால் நொடிக்கு 0.2 லிட்டர். அதன் பக்கத்திலேயே அன்றைய அணை நீர்மட்டத்தையும் எழுத வேண்டும், அது இல்லாமல் கசிவை மட்டும் எழுதிய நோட்டு பாதி நோட்டுதான். மட்டம் ஏறும்போது கசிவும் ஏறும், அது இயல்பு. மட்டம் அதே இடத்தில் இருக்கும்போது கசிவு மட்டும் ஏறினால் அது சேதி. வாளியால் முடியாத அளவு வந்தால் ஒரு தகட்டில் 90 டிகிரி 'வி' வடிவில் வெட்டி, நீர் அந்த வெட்டு வழியாக மட்டும் போகும்படி வாய்க்காலின் குறுக்கே வைக்கலாம். ஆனால் ஒன்று, அதில் நீர் 5 செ.மீ. உயரம் நின்றால் நொடிக்கு முக்கால் லிட்டர், 10 செ.மீ. நின்றால் நாலு லிட்டருக்கும் மேல். உயரம் இரட்டித்தால் ஓட்டம் ஐந்து மடங்குக்கும் மேல் ஆகிறது, "கொஞ்சம்தான் ஏறியிருக்கிறது" என்று பலர் ஏமாறுவது இங்கேதான். கசிவு திடீரென்று நின்றாலும் சந்தோஷப்படாதீர்கள், வேறு எங்கே போகிறது என்று தேடுங்கள்.

தரையிலிருந்து கொதிப்பது மாதிரி நீர் பொங்கி, சுற்றிலும் எறும்புப் புற்று மாதிரி மணல் வளையம் கட்டியிருந்தால் களிமண்ணாலோ கான்கிரீட்டாலோ அடைக்கவே அடைக்காதீர்கள். அடைத்த நீர் அழுத்தம் ஏறி வேறு பக்கம் பிய்த்துக்கொள்ளும். முதலில் பெருமணல், அதன் மேல் பொடி ஜல்லி, அதன் மேல் பெரிய ஜல்லி. தண்ணீர் வரட்டும், மண் நிற்கட்டும். பொறியாளரை அன்றைக்கே கூப்பிடுங்கள். அமெரிக்காவின் ஐடஹோவில் இருந்த டீட்டன் அணை 93 மீட்டர் உயரம், சிறு அணை இல்லைதான், ஆனால் அந்த நேரக் கணக்கைப் பாருங்கள்: 1976 ஜூன் 5 காலை ஏழு மணிவாக்கில் கலங்கல் கசிவு கண்ணில் பட்டது, ஓட்டையை அடைக்கப் போன புல்டோசர்களே உள்ளே விழுந்தன, 11:57க்குக் கரை போய்விட்டது. ஐந்து மணி நேரம்கூட இல்லை. 11 பேர் இறந்தார்கள்.

கலிங்கின் மேல் ஒரு அடி உயரத்துக்கு மணல் மூட்டை அடுக்கினால் கூடுதலாகத் தண்ணீர் நிற்கிறது. மழை வந்தால் எடுத்துவிடுகிறோம். இதில் தப்பு உண்டா?

உண்டு. இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

கணக்காகவே சொல்கிறேன். பத்து மீட்டர் அகலக் கலிங்கு, அதன் மட்டத்திலிருந்து கரையின் உச்சி ஒரு மீட்டர் மேலே என்று வைப்போம். நீர் கரை விளிம்பைத் தொடும்போது கலிங்கு வழியாக நொடிக்குச் சுமார் 17 கன மீட்டர் போகும். ஒரு அடி, அதாவது 30 செ.மீ., மூட்டை வைத்தால் மிச்சம் 70 செ.மீ.தான், அப்போது போவது சுமார் 10 கன மீட்டர். உயரத்தில் மூன்றில் ஒரு பங்குகூடக் குறையவில்லை, போக்கில் 40 சதவீதம் காணாமல் போய்விட்டது. அந்த மிச்ச நீர் கரை மேல் ஏறும். கான்கிரீட் அணை என்றால் மேலே வழிந்தாலும் கொஞ்ச நேரம் தாங்கும். மண் கரை தாங்காது, வெளிப்பக்கச் சரிவை அரித்துக்கொண்டே பின்னால் வந்து அறுத்துவிடும்.

அப்புறம் அந்த "மழை வந்தால் எடுத்துவிடுகிறோம்". யார் எடுப்பார்கள்? பெருமழை பெய்கிற ராத்திரியில், இடுப்பளவு ஓட்டத்தில் நின்று, தண்ணீர் குடித்துக் கனத்துப்போன மூட்டையை? ஒரு இடத்தில் இதே பதிலைச் சொன்ன பெரியவரிடம், இப்போதே ஒன்றை எடுத்துக் காட்டுங்கள் என்று கேட்டேன். வெயில் காலம்தான், தண்ணீர்கூட வழியவில்லை. மூட்டைக்குள் புல் வேர் இறங்கிக் கல் மாதிரி இறுகியிருந்தது, கடப்பாரை கொண்டுவரப் போனார்.

மீன் ஓடாமல் இருக்கக் கலிங்கில் வலை கட்டுபவர்களுக்கும் இதேதான். பென்சில்வேனியாவின் சவுத் ஃபோர்க் அணையில் மீன் தப்பாமலிருக்கக் கலிங்கில் கம்பித் தடுப்பு வைத்திருந்தார்கள், வண்டி போகக் கரை உச்சியை வேறு தாழ்த்தியிருந்தார்கள், அடியில் இருந்த வடிகுழாய்களையோ முந்தைய சொந்தக்காரர் காலத்திலேயே கழற்றியாகிவிட்டது. 1889 மே 31 பெருமழையில் தடுப்பில் குப்பை அடைத்து, நீர் கரை மேல் ஏறி, கீழே ஜான்ஸ்டவுன் நகரத்தில் 2,209 பேர் செத்தார்கள்.

இன்னொன்று: கரை உச்சி எல்லா இடத்திலும் ஒரே மட்டமா? கொத்தனார்கள் வைத்திருக்கும் நீர்மட்ட டியூபை எடுத்துக்கொண்டு இரண்டு பேர் கரை முழுக்க நடந்தால் ஒரு மணி நேர வேலை. ஆள் நடந்து, மாடு ஏறி இறங்கிப் பள்ளமான ஒரு இடம் கட்டாயம் இருக்கும். வரைபடத்தில் கலிங்கு எங்கே இருந்தாலும், வெள்ளத்துக்கு அந்தப் பள்ளம்தான் இரண்டாவது கலிங்கு.

கரை மேல் மரங்கள் நன்றாக வளர்ந்திருக்கின்றன. வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும்தானே?

மலைச்சரிவில் பிடிக்கும். அணைக் கரையில் வேண்டாம். மரம் பட்டுப்போனால் வேர் மக்கி, இருந்த இடம் குழாய் மாதிரி ஆகிவிடும், தண்ணீருக்குப் போட்டுக்கொடுத்த வழி. காற்றில் சாய்ந்தால் வேரோடு ஒரு கட்டு மண்ணையும் பெயர்த்துக்கொண்டு போகும், அதுவும் அணை நிரம்பியிருக்கிற புயல் நாளில்தான் சாயும். புல் போதும், அதுவும் குட்டையாக வெட்டிய புல். புதர் மண்டினால் பொந்தும் தெரியாது, ஈரமும் தெரியாது.

விரல் பருமன் செடிகளை இப்போதே பிடுங்கிவிடுங்கள். பெரிய மரத்தை மட்டும் நீங்களாக வேரோடு தோண்டாதீர்கள், அதைத் தோண்டி மண் நிரப்பி இடித்து இறுக்குவது அணை மட்டம் இறங்கியிருக்கும்போது பொறியாளர் பார்வையில் செய்ய வேண்டிய வேலை.

டிரோன் வைத்து மாதம் ஒரு தடவை படம் எடுக்கிறோம். போதுமா?

படம் நல்லதுதான், விடாதீர்கள். ஆனால் டிரோனுக்குக் கால் இல்லை. கரையடியில் நடக்கும்போது செருப்பு புதைகிறதா, சுற்றிலும் காய்ந்த புல்லில் ஒரு திட்டு மட்டும் பச்சையாக இருக்கிறதா, காதுக்கு ஓட்டச் சத்தம் கேட்கிறதா, இதெல்லாம் நடந்தால்தான் பிடிபடும். சரிவில் மேலும் கீழுமாக வளைந்து வளைந்து நடங்கள், உச்சியில் மட்டும் நேராக நடந்துவிட்டுப் பார்த்தாகிவிட்டது என்று கையெழுத்துப் போடாதீர்கள்.

விரிசல் கண்டால் எந்தத் திசை என்று முதலில் பாருங்கள். கரையின் குறுக்கே, நீர்ப்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் நோக்கி ஓடினால் அது தண்ணீர் புகுந்து கடக்க வழி, அவசரம். கரையோடு நீளவாக்கில் ஓடி, கொஞ்சம் வில்லாக வளைந்து, ஒரு பக்கம் அரை அங்குலமாவது இறங்கியிருந்தால் சரிவு நழுவத் தொடங்கியிருக்கிறது, அதுவும் அவசரம். வெயிலில் காய்ந்து வலை மாதிரி வெடித்திருப்பது பெரும்பாலும் மேலோட்டமானதுதான். இரண்டு முனையிலும் குச்சி நட்டு, தேதி எழுதி, விரிசலின் மேல் பிளாஸ்டிக் விரித்து வையுங்கள். மழைத்தண்ணீர் உள்ளே இறங்கக் கூடாது. அடுத்த வாரம் குச்சியைத் தாண்டியிருந்தால் தெரிந்துவிடும்.

மதகு வால்வைத் திறந்து பத்து வருஷம் ஆகிறது. இப்போது திறந்து பார்க்கலாமா, உடைந்துவிட்டால்?

நியாயமான பயம். ஆபத்து வந்தால் மட்டத்தை இறக்க உங்களிடம் இருக்கும் ஒரே வழி அதுதான், வேலை செய்யாத மதகு இல்லாத மதகு. ஒரு அணையில் பளபளவென்று புதுப் பெயிண்ட் அடித்த கைச்சக்கரத்தைக் காட்டினார்கள், ஒரே விரலால் சுற்ற முடிந்தது. எல்லோருக்கும் பெருமை. பிறகு பார்த்தால் உள்ளே தண்டு எப்போதோ முறிந்து, சக்கரம் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

மட்டம் குறைவாக இருக்கும் காலத்தில், பழுது பார்க்கத் தெரிந்த ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து மூடுங்கள். திறந்தபின் தண்ணீரை வேகமாக இறக்காதீர்கள். நீர்ப்பக்கச் சரிவு தண்ணீர் குடித்து ஊறியிருக்கும், வெளியே தாங்கிய நீர் சட்டென்று போனால் சரிவு அப்படியே வழுக்கி இறங்கும். நாளொன்றுக்கு ஒரு அடிக்குள் என்பது பொதுவான கைக்கணக்கு, களிமண் கரைக்கு அதிலும் குறைவு. கரை உடையப்போகிற நிலைமை வேறு, அப்போது இந்தக் கணக்கெல்லாம் ஓரமாகப் போகும்.

குழாய் வெளிவரும் இடத்தையும் பாருங்கள், குழாய்க்குள்ளிருந்து வரும் நீர் சரி, குழாய்க்கு வெளியே ஒட்டி வரும் நீர் சரியில்லை. கொலராடோவின் லான் லேக் அணை எட்டு மீட்டர்தான். குழாயும் வால்வும் சேரும் இடத்தில் இருந்த ஈயப் பூச்சு கெட்டு, அங்கிருந்து கரை உள்ளுக்குள் அரித்து, 1982 ஜூலை 15 அன்று உடைந்தது. மூன்று உயிர்.

நூறு வருட வெள்ளம் போன வருஷம்தானே வந்தது? இனி நம் காலத்தில் வராது அல்லவா?

வெள்ளம் காலண்டர் பார்ப்பதில்லை. அந்தப் பெயரே குழப்பம். ஒவ்வொரு வருஷமும் நூற்றில் ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான். போன வருஷம் வந்தாலும் இந்த வருஷமும் அதே நூற்றில் ஒன்று. முப்பது வருஷத்தில் ஒரு தடவையாவது வரும் வாய்ப்பு 26 சதவீதம், நாலில் ஒன்றுக்குக் கொஞ்சம் மேல்.

வல்லுநர் வந்து பார்த்துச் சான்றிதழ் கொடுத்துப் போன வருஷம்தான் ஆகிறது. நாங்கள் வேறு பார்க்க வேண்டுமா?

இங்கிலாந்தின் டாட்புரூக் நீர்த்தேக்கத்தை 2018 நவம்பரில் முறைப்படி ஆய்வு செய்தார்கள். 2019 ஆகஸ்ட் 1 அன்று கலிங்கின் கான்கிரீட் பலகைகள் பெயர்ந்து கீழே இருந்த கரை மண் அரிக்கப்பட்டது. கீழே இருந்த ஊரிலிருந்து சுமார் 1,500 பேரை வெளியேற்றி, ஹெலிகாப்டரில் கல் மூட்டை கொண்டுவந்து போட்டார்கள். வல்லுநர் வருவது ஒரு நாள், மீதி 364 நாளும் நீங்கள்தான் அங்கே இருக்கிறீர்கள். கலிங்குப் பலகை இணைப்புகளில் புல் முளைத்திருந்தால் அதன் வழியாகத் தண்ணீரும் உள்ளே போகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது ஐந்து மீட்டர்தான். உடைந்தாலும் வயல்தானே நனையும்?

ஐந்து மீட்டர் ஆழத்தில் ஒரு லட்சம் கன மீட்டர் நீர், அதாவது ஒரு லட்சம் டன். உடைப்பு வெள்ளத்துக்குப் பலரும் பயன்படுத்தும் ஃப்ரோலிக் சூத்திரத்தில் போட்டால் உச்சத்தில் நொடிக்குச் சுமார் 130 கன மீட்டர். மேலே சொன்ன கலிங்கு முழு வேகத்தில் ஓடுவதைப் போல ஏழெட்டு மடங்கு, அதுவும் சேறு, மரம், கல்லோடு. வயல் நனையாது, வயலே இருக்காது.

அதைவிட முக்கியம், கரைக்குக் கீழே இப்போது என்ன இருக்கிறது? அணை கட்டும்போது யாருமில்லாத ஓடையில் அப்புறம் வீடு வந்திருக்கும், கடை வந்திருக்கும். அணை ஒரு அங்குலமும் மாறவில்லை, ஆபத்து மட்டும் பத்து மடங்காகிவிட்டது. ஜகார்த்தா ஓரத்தில் இருந்த சித்து கிந்துங் 1933இல் கட்டியது, 2009 மார்ச் 27 விடியுமுன் உடைந்தபோது கரைக்குக் கீழேயே நெருக்கமாக வீடுகள் இருந்தன, இறந்தவர்கள் நூறு பேர் அளவில். வருஷத்துக்கு ஒரு தடவை ஓடையோரமாகக் கீழ்நோக்கி நடந்து, வீடுகளை எண்ணி, போன் நம்பர்களை நோட்டில் எழுதுங்கள்.

இரவில் மட்டம் வேகமாக ஏறுகிறது. முதலில் என்ன செய்வது?

போன். அந்த நோட்டை எடுத்து, கரைக்கு மிக அருகில் இருக்கும் வீட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மேட்டுக்குப் போகச் சொல்லுங்கள், கூடவே ஒருவர் அவசர எண்ணுக்குச் சொல்லட்டும். உறுதியாகத் தெரிந்த பிறகு சொல்லலாம் என்று காத்திருக்காதீர்கள். ஜார்ஜியாவின் கெல்லி பார்ன்ஸ் அணை, சுமார் பன்னிரண்டு மீட்டர், 1977 நவம்பர் 6 நள்ளிரவுக்குப் பின் உடைந்து 39 பேரைக் கொண்டுபோனது, பெரும்பாலோர் தூக்கத்தில் இருந்த நேரம்.

அதன் பிறகுதான் மதகைத் திறப்பதும் கலிங்கில் சிக்கிய குப்பையைக் கரையில் நின்றபடி நீண்ட கொம்பால் தள்ளுவதும். யாரும் தண்ணீருக்குள் இறங்க வேண்டாம், இரண்டடி ஓட்டம் காரையே தூக்கும். கரையை நீங்களாக வெட்டி நீரை விடலாம் என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். வேண்டாம், வெட்டிய மண் கரை உங்கள் சொல்லுக்கு அகலமாகாது. நீர் கரை உச்சியைத் தொட்டுவிட்டால் கரை மேல் நிற்கும் எல்லோரையும் இறக்கிவிடுங்கள், டார்ச் அடித்துப் பார்க்கிற ஆள் உட்பட.