வாசகர் கேள்வி – பதில்: குழந்தையின் முதல் நட்சத்திரம்

கேள்வி: என் மகனுக்கு ஐந்து வயது. இரவில் வெளியே வந்தால் வானத்தைக் காட்டி "இது என்ன, அது என்ன" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். நிலாவைத் தவிர எனக்கே எதையும் அடையாளம் தெரியாது. எதிலிருந்து தொடங்குவது?

பதில்: உங்களுக்கும் தெரியாது என்பது ஒருவகையில் வசதிதான், இருவரும் சேர்ந்தே தேடலாம். முதல் சில வாரங்களுக்கு ஒரே ஒரு நட்சத்திரக் கூட்டம் போதும். அது ஓரியன் எனப்படும் வேட்டைக்காரனாக இருக்கட்டும். டிசம்பர் இறுதியிலிருந்து மார்ச் வரை முன்னிரவிலேயே தெரிவதாலும், வான நடுக்கோட்டின் மேல் (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் கற்பனை செய்யப்படும் கோடு) அமைந்திருப்பதால் உலகின் ஏறக்குறைய எல்லாப் பகுதிகளிலிருந்தும் காண முடிவதாலும், அதன் முக்கிய நட்சத்திரங்கள் நகரத்து வெளிச்சத்தையும் மீறித் தெரிவதாலும், சிறு குழந்தைக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் இல்லை என்பது என் கருத்து.

எடுத்தவுடன் பெயரைச் சொல்லிவிடாதீர்கள். "சம இடைவெளியில், ஒரே வரிசையில் நிற்கும் மூன்று நட்சத்திரங்களைக் கண்டுபிடி" என்று மட்டும் சொல்லுங்கள். அதுதான் வேட்டைக்காரனின் இடைவார். நின்றபடி நீங்கள் விரல் நீட்டினால், உங்கள் கண்ணுக்கு அந்த விரல் ஒரு நட்சத்திரத்தைத் தொடும். கீழே நிற்கும் குழந்தையின் கண்ணுக்கோ வேறொன்றைத் தொடும். ஆகவே முட்டிபோட்டு, உங்கள் கன்னம் அவன் கன்னத்தை ஒட்டும்படி அமர்ந்து, அவன் கையைப் பிடித்து அவன் விரலாலேயே சுட்டிக்காட்டுங்கள். பெரியவர்கள் பலர் இதைச் செய்யாமல், "இவ்வளவு பெரிதாகத் தெரிகிறதே, உனக்குத் தெரியவில்லையா" என்று அலுத்துக்கொள்கிறார்கள்.

மூன்றும் கிடைத்த பிறகு வண்ணத்துக்கு வரலாம். இடைவாருக்கு ஒரு பக்கம் செம்மஞ்சளாக ஒளிரும் திருவாதிரையும், எதிர்ப்பக்கம் நீலம் கலந்த வெண்மையில் ரைகலும் இருக்கின்றன. அவை இரண்டும் ஒரே நிறமா என்று கேளுங்கள். நட்சத்திரங்கள் எல்லாம் வெள்ளை என்று எண்ணியிருக்கும் குழந்தை இரண்டையும் மாறி மாறிப் பார்க்கும். வெப்பம் கூடிய நட்சத்திரம் நீலமாகவும், குறைந்தது சிவப்பாகவும் தெரியும் என்பதைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

அடுத்து, முஷ்டி அளவு. கையை முழுவதும் நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால், அது வானத்தில் ஏறத்தாழ 10 பாகையை (டிகிரியை) மறைக்கும். குழந்தையின் முஷ்டி சிறியது, ஆனால் கையும் அதற்கேற்பக் குட்டையானது என்பதால் அவனுக்கும் கணக்கு பெரிதாக மாறாது. இடைவார் நட்சத்திரங்களின் வரிசையை ஒரு பக்கமாக இரண்டு முஷ்டி தொலைவு நீட்டினால், இரவு வானிலேயே மிகவும் ஒளி மிகுந்த நட்சத்திரமான சிரியஸ் வரும். மறுபக்கமாக அதே இரண்டு முஷ்டி தள்ளிப் போனால் ஆரஞ்சு நிற ரோகிணி. அதே போக்கில் இன்னும் ஒன்றரை முஷ்டிக்குச் சற்றுக் குறைவாகச் சென்றால், பனித்துளிகளை அள்ளித் தெளித்ததுபோல் கார்த்திகைக் கூட்டம். பழந்தமிழில் அதற்கு அறுமீன் என்று பெயர். ஆறுதான் தெரிகிறதா என்று அவனையே எண்ணச் சொல்லி, எண்ணிக்கையைத் தேதியோடு குறித்து வையுங்கள். வானம் தெளிந்த நாளில் எண்ணிக்கை கூடும்.

கேள்வி: தொலைநோக்கி வாங்கலாமா? கைபேசிச் செயலியே போதுமா?

பதில்: தொலைநோக்கிக்கு இப்போது அவசரம் இல்லை. எவ்வளவு பெரிதாக்கினாலும் நட்சத்திரம் புள்ளியாகவே தெரியும் என்பதால், ஆசையோடு கண் வைக்கும் குழந்தை ஏமாந்துபோகும். இருகண் நோக்கி ஒன்று கிடைத்தால் நல்லது. கார்த்திகைக் கூட்டத்தில் பல நட்சத்திரங்கள் திடீரென முளைக்கும், நிலாவின் பள்ளங்கள் தெரியும். செயலியைப் பெற்றோர் முன்கூட்டியே பார்த்துத் தயாராகிக்கொள்வதே சரி. நம் கண் இருளுக்குப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். இடையில் ஒருமுறை திரையைப் பார்த்தால் அந்தப் பழக்கம் கலைந்து, மீண்டும் முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். வெளிச்சம் தேவையென்றால் கைவிளக்கின் மேல் சிவப்புத் தாள் ஒட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: "வேட்டைக்காரனின் நட்சத்திரங்கள் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றனவா?" என்று எட்டு வயது மகள் கேட்கிறாள். எப்படி விளக்குவது?

பதில்: நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள். இல்லை என்பதே விடை. வேட்டைக்காரனின் ஒரு தோளான பெல்லாட்ரிக்ஸ் சுமார் 250 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது (ஒளியாண்டு என்பது ஒளி ஓர் ஆண்டில் கடக்கும் தொலைவு). பாதமான ரைகல் 850 ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கிறது. அறையில் ஐந்தாறு பஞ்சு உருண்டைகளை நூலில் கட்டி, முன்னும் பின்னுமாகத் தொங்கவிடுங்கள். ஓரிடத்தில் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் ஓர் உருவம் அமையும்படி சரிசெய்துகொண்டு, பிறகு அவளை இரண்டடி பக்கவாட்டில் நகரச் சொல்லுங்கள். உருவம் குலைந்துவிடும். பூமியிலிருந்து பார்ப்பதால் மட்டுமே அந்த வேட்டைக்காரன் இருக்கிறான் என்பது அவளுக்குப் புரிந்துவிடும். ஒளியாண்டு என்றால் என்ன என்று கேட்டால், சிரியஸைக் காட்டுங்கள். அதன் தொலைவு 8.6 ஒளியாண்டு; இன்று அவள் காணும் ஒளி, அவள் பிறப்பதற்குச் சற்று முன்போ பின்போ அங்கிருந்து புறப்பட்டது.

கேள்வி: வேட்டைக்காரன், தேள் என்று கதை சொல்வது அறிவியலுக்கு முரணாகாதா?

பதில்: ஆகாது. வானியலாளர்களின் பன்னாட்டு ஒன்றியமே 1922-இல் 88 நட்சத்திரக் கூட்டங்களை ஏற்றுக்கொண்டது. அவற்றுள் பல பழைய கதைகளிலிருந்து வந்தவைதான். கதையைக் கதை என்று சொல்லிச் சொன்னால் போதும். குழந்தை தானே ஓர் உருவம் கண்டால் அதையும் திருத்த வேண்டாம். என் பேத்திக்கு ஓரியன் வேட்டைக்காரனாகத் தெரியவே இல்லை. நான்கு மூலைகளும் சிறகுகள், இடைவார் உடல் என்று அதைப் பட்டாம்பூச்சி ஆக்கிவிட்டாள். உண்மையைச் சொன்னால், எனக்கும் இப்போது அப்படித்தான் தெரிகிறது.

நட்சத்திரங்கள் நாளுக்கு 4 நிமிடம் முன்னதாக எழுவதால், மே மாத இறுதிக்குள் அவளுடைய பட்டாம்பூச்சி சூரிய ஒளியில் மறைந்துபோனது. ஜூன், ஜூலை முன்னிரவுகளில் அதற்குப் பதிலாக வளைந்த கொடுக்கோடு தேளைக் காட்டினேன். அதில் சிவந்து ஒளிரும் கேட்டை நட்சத்திரம் அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் பட்டாம்பூச்சி எங்கே போயிற்று என்றே கேட்டாள். ஆகஸ்ட் மாதத்தில் விடிவதற்கு முன் கிழக்கில் திரும்ப வந்துவிடும் என்று சொன்னேன். அன்று தன்னை எழுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டாள்; எழுப்பித்தான் ஆக வேண்டும்.