அந்தக் குறட்டையைச் சொல்லிவிட்டீர்களா?

இல்லை அம்மா, உங்கள் மகனின் மூளை மந்தமாகாது. குடலிறக்க அறுவை சிகிச்சைக்கு முன் நான்கு வயதுப் பிள்ளையை அமைதிப்படுத்த ஒரு மருந்து கொடுப்பார்கள் என்றதும், ‘அது மூளையை மந்தமாக்கிவிடும்’ என்று நீங்கள் பார்த்த வீடியோ உங்களை மூன்று நாள் தூங்கவிடவில்லை போலிருக்கிறது. அந்த வீடியோக்காரர் பாதியைத்தான் படித்திருக்கிறார். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2016-ல் எச்சரித்தது உண்மை. ஆனால் அது மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, மூன்று மணி நேரத்துக்கு மேலோ திரும்பத் திரும்பவோ மயக்கம் கொடுப்பதைப் பற்றியது. உங்கள் மகன் அந்த வயதைத் தாண்டிவிட்டான். குடலிறக்கத்துக்குப் பெரும்பாலும் ஒரு மணி நேரம்கூட ஆகாது. இதே அறுவை சிகிச்சை செய்துகொண்ட 700-க்கும் மேற்பட்ட கைக்குழந்தைகளை ஓர் ஆய்வில் சேர்த்து, அவர்களில் பலரை ஐந்து வயதில் சோதித்துப் பார்த்தார்கள். மயக்கம் கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்கும், இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்யப்பட்ட குழந்தைகளுக்கும் அறிவுத்திறனில் வித்தியாசம் தெரியவில்லை. முடிவு 2019-ல் வெளியானது.

நீங்கள் பயப்பட வேண்டியது, உங்கள் கடிதத்தில் பயப்படாமல் எழுதிய ஒரு வரிக்கு. ‘அவன் அப்பாவைப் போலவே குறட்டை விடுவான், சில நேரம் சத்தமே நின்றுபோய் அப்புறம் திணறி எழுவான்’ என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். இதை அறுவை சிகிச்சை நிபுணரிடம் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள். குடலிறக்கத்துக்கும் குறட்டைக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் தோன்றும்.

மயக்க மருத்துவருக்கு நிறைய சம்பந்தம் இருக்கிறது. டான்சிலோ, மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையோ பெருத்திருந்தால், தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளரும்போது மூச்சு வழி அடைபடும். நெஞ்சு மேலும் கீழும் போகும், மூக்கில் காற்று வராது. சில நொடிகளில் மூளை உலுக்கி எழுப்பிவிடும். அந்தத் திணறல்தான் அவனுடைய பாதுகாப்பு. அமைதிப்படுத்தும் மருந்து தசையை இன்னும் தளர்த்தும், அந்த உலுக்கலையும் மழுங்கடிக்கும். அதனால் இப்படிப்பட்ட பிள்ளைக்கு மருந்தே கொடுக்காமல் விடலாம், அளவைக் குறைக்கலாம், கொடுத்தாலும் விரலில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவி மாட்டிப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தே இருப்பார். ஆபரேஷனுக்குப் பிறகு தரும் வலி மருந்தையும் யோசித்துத்தான் தேர்ந்தெடுப்பார்கள், ஒரு இரவு தங்கவும் சொல்லலாம். இன்றிரவே அவன் தூங்கும்போது சட்டையைத் தூக்கி, நெஞ்சு தெரியும்படி இரண்டு நிமிடம் கைப்பேசியில் படம் எடுங்கள். வாயைத் திறந்து தூங்குகிறானா, கழுத்தைப் பின்னால் வளைத்துக்கொள்கிறானா, விட்டுப்போன படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்பிவிட்டதா என்றும் பாருங்கள். மயக்க மருத்துவரிடம் நேராகக் காட்டுங்கள். உங்கள் இரண்டு பக்கக் கடிதத்தைவிட அந்தப் படம் அவருக்கு அதிகம் சொல்லும்.

அடுத்தது, என்னைக் கோபப்படுத்திய கேள்வி. ‘வீட்டிலேயே சளி சிரப் கொடுத்துத் தூங்கவைத்துக் கூட்டிப்போகலாமா?’ கூடாது. குறட்டை விடும் பிள்ளைக்கு, வழியில், கருவி எதுவும் இல்லாமல், எவ்வளவு உள்ளே போனது என்று மருத்துவமனையில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் தூக்க மருந்தா? ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், திட்டு வாங்கினாலும் பரவாயில்லை.

மருத்துவமனையில் அமைதிப்படுத்தக் கொடுப்பது பெரும்பாலும் மிடசோலம் என்ற மருந்து. எடை பார்த்து, கிலோவுக்கு அரை மில்லிகிராம் வரை, வாய் வழியாக. கசக்கும், பாதியைத் துப்பப் பார்ப்பான். இருபது, முப்பது நிமிடத்தில் கண் சொருகும், பேச்சு குழறும், கூரை விளக்கைப் பார்த்துக் காரணமில்லாமல் சிரிப்பான். தூங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. உங்கள் மடியிலிருந்து நர்ஸ் கைக்கு அழாமல் போனால் போதும். ‘தெளிவாகத்தானே இருக்கிறான்’ என்று இறக்கி நடக்க மட்டும் விடாதீர்கள், நேராகக் கீழே விழுவான். சில பிள்ளைகளுக்கு இது தலைகீழாக வேலை செய்து முரண்டு பிடிக்கவைக்கும். அதுவும் அடங்கிவிடும்.

மற்றவை சுருக்கமாக. ஒரு தடவை கொடுத்தால் பழக்கமாகாது. ஆபரேஷன் முடிந்து விழித்ததும் உங்களைக்கூட அடையாளம் தெரியாமல் கத்தினால், அது பெரும்பாலும் அரை மணி நேர விஷயம். அன்று நடந்தது நினைவில்லை என்றால் நல்லதுதான். திட உணவும் பாலும் ஆபரேஷனுக்கு ஆறு மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். வெறும் தண்ணீர் எதுவரை என்று அவர்கள் சொல்வார்கள். பாலைத் தண்ணீர்க் கணக்கில் சேர்க்கும் தாத்தா பாட்டிகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். முந்தின வாரம் காய்ச்சலோடு இருமலோ இழுப்போ வந்தால் உடனே தொலைபேசியில் தெரிவியுங்கள், தேதியைத் தள்ளிவைப்பார்கள்.

அவன் கட்டிப்பிடித்துத் தூங்கும் துணியோ பொம்மையோ இருந்தால் எடுத்துப் போங்கள். ஆபரேஷன் தியேட்டர் வாசல்வரை கையில் வைத்திருக்கப் பெரும்பாலும் விடுவார்கள்.