இரண்டாவது டின்னைத் திறக்காதீர்கள்

கேள்வி: மண்டபத்தில் சொந்தக் கார் ஒன்றை வைத்து, ராமேசுவரம், தனுஷ்கோடி என்று சவாரி ஓட்டிப் பிழைக்கிறேன். மூன்று வாரத்துக்கு முன் ராமநாதபுரத்தில் ஒரு கடையில் கார் வாக்ஸ் இரண்டு டின் வாங்கினேன். ஒன்றைத் திறந்தால், உள்ளே கோடைக் கண்மாய் மாதிரி வெடித்துக் காய்ந்து கிடந்தது. கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு இளக்கித் தேய்த்தேன். பானெட் முழுக்க வெள்ளைத் திட்டும் மெல்லிய கீறல்களும் விழுந்துவிட்டன. அப்புறம்தான் டின்னின் அடியைப் பார்த்தேன்: தயாரிப்பு 2016. மறுநாளே கடைக்குப் போனேன். “வாக்ஸ் கெடாது, அதற்கு எக்ஸ்பயரியே கிடையாது. விற்ற பொருளைத் திரும்ப வாங்க மாட்டோம். டாக்ஸி ஓட்டுகிறவர் நுகர்வோர் கோர்ட்டுக்கும் போக முடியாது” என்கிறார். பில் தரவில்லை. ஜிபேயில் பணம் அனுப்பினேன். என்ன செய்யலாம்?

பதில்: இரண்டாவது டின்னைத் திறக்காமல் அப்படியே வைத்திருங்கள். உங்கள் வழக்கே அதில்தான் இருக்கிறது.

முதல் டின்னில் மண்ணெண்ணெய் கலந்துவிட்டீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 87-ஆம் பிரிவு, பொருளைத் தவறாகப் பயன்படுத்தியோ மாற்றியோ வந்த கேட்டுக்கு விற்றவர் பொறுப்பில்லை என்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் பிடிப்பார். திறக்காத டின்னில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. நுகர்வோர் ஆணையம் (கடைக்காரர் சொல்லும் ‘நுகர்வோர் கோர்ட்’ இதுதான்) அதை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பலாம், 38-ஆம் பிரிவு அதற்கு வழி தருகிறது.

“வாக்ஸ் கெடாது” என்று கடைக்காரர் சொல்வதில் பாதி உண்மை. கார் வாக்ஸில் பெரும்பாலும் சேர்க்கும் கார்னாபா, பிரேசில் நாட்டுப் பனையோலையில் எடுக்கும் மெழுகு. உருகவே 80 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், வருடக்கணக்கில் தாங்கும். ஆனால் டின்னில் இருப்பது மெழுகு மட்டுமல்ல. அதை இளக்கமாக வைத்திருக்கும் கரைப்பானும் எண்ணெயும் உண்டு. மூடி இறுகாமல், தகரக் கூரைச் சூட்டில் கிடந்தால் கரைப்பான் ஆவியாகிவிடும். நன்றாக மூடி நிழலில் வைத்த பழைய டின்னைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். திரவ வாக்ஸ் பிரிந்திருந்தாலும் குலுக்கினால் சேர்ந்துவிடுகிறது என்றால் பயமில்லை. காய்ந்து வெடித்தது, குலுக்கியும் சேராதது, துர்நாற்றம் அடிப்பது இவற்றைக் காரில் வைக்கக் கூடாது.

அதனால் “2016 சரக்கு” என்ற ஒன்றை மட்டும் சொல்லி ஜெயிக்க முடியாது. எக்ஸ்பயரி இல்லாததும் குற்றமில்லை. 2011-ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகளில் ‘இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்’ என்ற கட்டாயம், நாளானால் மனிதர் உட்கொள்ளத் தகாததாகிவிடும் பொருளுக்குத்தான். தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்க வேண்டும், இருக்கிறது. (அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டி மறைத்திருந்தால், எடை, அளவு விதிகளைப் பார்க்கும் முத்திரை ஆய்வாளரிடம் தனியாகப் புகார் கொடுங்கள்.)

வழக்குக்கு நான் ஆதாரமாக வைப்பது அதே நுகர்வோர் சட்டத்தின் 86-ஆம் பிரிவை. விற்பவர் சரக்கைச் சோதிப்பதிலும் பராமரிப்பதிலும் உரிய கவனம் காட்டவில்லை என்றால், அதனால் வந்த சேதத்துக்கு அவர் பொறுப்பு. சேதம் என்பது இங்கே உங்கள் காரின் பெயிண்ட்.

டாக்ஸி விஷயத்தில் கடைக்காரர் சொல்வது தவறு. வியாபாரத்துக்கு வாங்குகிறவர் நுகர்வோர் அல்ல என்பது சரிதான். ஆனால் சுயதொழிலில் தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துகிறவரை அந்தச் சட்டத்தின் 2(7) பிரிவின் விளக்கம் நுகர்வோராகவே வைத்திருக்கிறது. சொந்தக் காரைத் தானே ஓட்டிப் பிழைக்கிறவர் நீங்கள். பத்து வண்டி வைத்து ஆள் போட்டு ஓட்டினால் கதை வேறு.

விற்றதைத் திரும்ப வாங்க மாட்டோம் என்பதும் நிற்காது. குறையுள்ள பொருளை, பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாதபோது, 30 நாளுக்குள் திரும்ப வாங்க மறுப்பது முறையற்ற வணிகம். பில் தராததும் அப்படியே. ஜிபே பதிவைப் படம் எடுத்து வையுங்கள்.

கீறல்தான் எனக்குக் கவலை. பாம்பன் பாலத்தில் கொஞ்ச நேரம் நின்ற காரில் விரலை இழுத்தாலே உப்பும் மணலும் ஒட்டும். கழுவாமல் எதைத் தேய்த்தாலும் கீறும், புது வாக்ஸானாலும் சரி. தேய்க்கும் முன் காரைக் கழுவினீர்களா என்று எழுதவில்லை. கழுவியிருந்தால் கீறலுக்கும் இழப்பீடு கேளுங்கள். இல்லையென்றால் டின்களின் விலையையும் வெள்ளைத் திட்டை எடுக்கும் செலவையும் மட்டும் கேளுங்கள். மண்ணெண்ணெய் விட்டதையும் மனுவில் நீங்களே எழுதிவிடுங்கள். குறுக்கு விசாரணையில் அது வெளிவந்தால், சொன்ன உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

பாலிஷ் போடும் முன் நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்து, ஒரு பெயிண்டிங் பட்டறையில் செலவு மதிப்பீட்டை எழுதி வாங்குங்கள். கடைக்கு 15 நாள் கெடு வைத்து, ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் சொல்லி வையுங்கள், பல கடைகள் அதிலேயே இறங்கி வந்துவிடும். வராவிட்டால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளின் விலை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணமில்லை, வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். டின்னில் முகவரி இருக்கும் தயாரிப்பாளரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள்.

இடையில் கடைக்காரர் “டின்னைக் கொண்டு வாங்க, மாத்தித் தர்றேன்” என்று கூப்பிடலாம். போங்கள், சமாதானம் நல்லதுதான். ஆனால் திறக்காத டின்னை வாங்கிக்கொண்டதாக அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரும்வரை அதைக் கையை விட்டு விடாதீர்கள்.