பன்றி முடி ஷேவிங் பிரஷ் வாங்கப் போகிறேன். ஒமேகா 10049, செமோக் 1305, மரக் கைப்பிடி போட்ட ஜெனித், இந்த மூன்றில் எது நல்லது?

முதலில் கைப்பிடியைப் பாருங்கள், முடியை அப்புறம் பார்க்கலாம். பிரஷ் பிரியர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் சொல்வார்கள். நான் இப்படிச் சொல்லக் காரணம் உண்டு. பன்றி முடி வாங்கிய நாளில் இருப்பதுபோல இரண்டு மாதம் கழித்து இருக்காது. கைப்பிடி மாறவே மாறாது. சோப்புக் கையில் முதல் நாள் வழுக்கினால் என்றைக்கும் வழுக்கும்.

முடி எப்படி மாறுகிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். புது பிரஷ்ஷை கன்னத்தில் வைத்தால் குத்தும். நுரையும் நிற்காது, முடியே தண்ணீரையும் நுரையையும் குடித்துவிடும். சில வாரம் போனதும் ஒரு முடியைப் பிரித்து வெளிச்சத்தில் பாருங்கள், நுனி இரண்டாக, மூன்றாகப் பிளந்திருக்கும். அந்தப் பிளவுதான் மிருதுவைத் தருகிறது. அடிப்பக்கம் மட்டும் விறைப்பாகவே இருக்கும். நுனியில் மென்மை, தண்டில் விறைப்பு என்ற இந்தச் சேர்க்கைக்காகத்தான் கட்டிச் சோப்பு போடுகிறவர்கள் பன்றி முடியை விடுவதில்லை. பேட்ஜர் என்ற விலங்கின் முடியில் செய்த பிரஷ் முதல் நாளே மெத்தென்று இருக்கும். ஆனால் கட்டிச் சோப்பில் தேய்க்க அவ்வளவு தெம்பு பலவற்றில் இருக்காது.

சரி, நீங்கள் கேட்ட மூன்று.

ஒமேகா 1931இல் தொடங்கிய இத்தாலிய நிறுவனம், ஊர் பொலோன்யா. 10049 அவர்களுடைய சலூன் வரிசையைச் சேர்ந்தது. மொத்த உயரம் ஏறத்தாழ 13 செ.மீ. கைப்பிடி பிளாஸ்டிக், கனமே இல்லை. அடுத்தவர் முகத்தில் நுரை போடுகிறவருக்குக் கை முகத்தை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும், அந்த வேலைக்கு இந்த நீளம் சரி. நம் முகத்தில் நாமே போடும்போது முடி நீளமாக இருப்பதால் கொஞ்சம் வளைந்து ஆடும், நுரை கண்ணாடி வரைக்கும் தெறிக்கும். கிண்ணத்தில் நுரை கலக்கிப் பூசுகிறவராக இருந்தால் இந்தத் தொல்லை கிடையாது, விலைக்கு இதைவிட நல்ல பிரஷ் கிடைப்பதும் கஷ்டம். பாத்ரூம் கண்ணாடிக்குக் கீழே ஒல்லியான பலகைதான் இருக்கிறதென்றால் யோசியுங்கள், கை பட்டால் சாய்ந்துவிடும்.

செமோக் போர்ச்சுகல்காரர்கள். 1305 சின்ன பிரஷ். முடிக்கொத்தின் விட்டம் சுமார் 21 மி.மீ., முடி உயரமும் குறைவு. அதனால் முகத்திலேயே நேராகச் சுழற்றி நுரை எழுப்ப இதுதான் தோது. அவர்கள் பட்டியலில் ‘90 சதவீதம் டாப்ஸ்’ என்று போட்டிருப்பார்கள். கொத்தில் உள்ள முடிகளில் அத்தனை சதவீதம் முழு நீளம் என்று அர்த்தம். குட்டை முடியைக் கலந்து கொத்தைப் பருமனாகக் காட்டும் மலிவு பிரஷ்களோடு ஒப்பிட்டால் இதன் நுனி சீக்கிரம் பதப்படும். கைப்பிடி வார்னிஷ் போட்ட மரம். ஈரக் கையிலும் நன்றாகப் பிடிபடும்.

ஜெனித்தும் இத்தாலிதான், சிசிலித் தீவு. வெளுத்த முடி, வெளுக்காத முடி இரண்டிலும் செய்கிறார்கள். வெளுத்தது கொஞ்சம் சீக்கிரம் மிருதுவாகும். உலோகக் கைப்பிடியிலும் வருகிறது. கனம் பிடித்தவர்களுக்கு அது சுகமாக இருக்கும், எனக்கு இல்லை. சோப்பு பட்டால் மீன் மாதிரி நழுவுகிறது, டைல்ஸில் விழுந்தால் சேதம் டைல்ஸுக்கா பிரஷ்ஷுக்கா என்பதுதான் கேள்வி.

மரக் கைப்பிடியில் பார்க்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று: முடி உள்ளே இறங்கும் வாய். கட்டைவிரலால் முடியை விலக்கிப் பார்த்தால் பசையும் மரமும் சேரும் விளிம்பு தெரியும். வார்னிஷ் அந்த உள்விளிம்பு வரை போயிருக்க வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் அங்கேதான் ஏறும். மரம் முதலில் வளையம் போலக் கறுக்கும், அப்புறம் மயிரிழை விரிசல் விடும், ஒருநாள் முடிக்கொத்து முழுசாகக் கழன்று வரும். மக்கில் ஊறப்போடும்போது முடி மட்டும் நனைகிற அளவு தண்ணீர் போதும், கைப்பிடி மூழ்கக் கூடாது. வெதுவெதுப்பு போதும், கொதிக்கிற தண்ணீர் பசையை இளக்கும்.

சென்னைப் பக்கம் போர்வெல் தண்ணீரில் ஷேவ் செய்கிறவர் என்றால் இன்னொன்று. உப்புத் தண்ணீரில் எந்த பிரஷ்ஷும் நுரையைத் தாராளமாகக் கொடுக்காது, பழி பிரஷ் மேல் விழும். சோப்பும் உப்பும் சேர்ந்த வெள்ளைப் படிவு முடியின் அடியில் கட்டியாக ஒட்டும். வினிகர் கொஞ்சம் கலந்த தண்ணீரில் எப்போதாவது அலசுங்கள். நுரை போட மட்டும் ஒரு டம்ளர் குடிதண்ணீர் எடுத்து வைத்துக்கொண்டால் வித்தியாசம் உடனே தெரியும்.

நம் ஊர்க் கடைகளில் கைப்பிடியில் ‘பியூர் பிரிஸில்’ என்று அச்சடித்து வரும் பிரஷ்களும் பெரும்பாலும் பன்றி முடிதான். மத காரணத்தாலோ சைவம் என்பதாலோ வேண்டாம் என்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சந்தேகம் என்றால் உதிர்ந்த முடி ஒன்றைக் கொளுத்திப் பாருங்கள். உருகி மணியாகச் சுருண்டால் நைலான். கருகி, தலைமுடி தீய்ந்த நாற்றம் வந்தால் விலங்கு முடி.

என் தேர்வு? முகத்திலேயே நுரை போடுகிறவருக்கு செமோக், கிண்ணக்காரருக்கு ஒமேகா. ஜெனித்தின் மர மாடலை அந்த வாய்விளிம்பைப் படத்தில் பெரிதாக்கிப் பார்த்த பிறகு வாங்குங்கள்.

எதை வாங்கினாலும் முதல் சில நாள் ஈர ஆட்டுப் பட்டி நாற்றம் வரும், திருப்பி அனுப்பிவிடாதீர்கள். ஷாம்பு போட்டு அலசி, சோப்பு நுரையோடு ஓர் இரவு விட்டுக் கழுவினால் போய்விடும். தொடக்கத்தில் நாலைந்து முடி உதிர்வதும் சகஜம். கொத்துக் கொத்தாக வந்தால் மட்டும் திருப்பிக் கொடுங்கள்.