டிசி கேட்டு எழுதிக் கொடுக்காதீர்கள்

கேள்வி: என் மகன் அரசு உதவி பெறும் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறான். பக்கங்களில் ஒட்ட வெட்டி, மேலே முடி விட்டிருந்தான். பி.டி. ஆசிரியர் பிரேயரில் எல்லார் முன்னாலும் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டார். கேட்கப் போனால் 'டிசி வாங்கிக்கொள்ளுங்கள்' என்கிறார் தலைமையாசிரியர். பள்ளிக்கே போகமாட்டேன் என்று பையன் அழுகிறான். என்ன செய்வது?

பதில்: எது செய்தாலும், 'சொந்தக் காரணத்துக்காக டிசி கேட்கிறேன்' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். எட்டாம் வகுப்பு முடிகிறவரை பிள்ளையைப் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 16-வது பிரிவு. இது பள்ளிக்கும் தெரியும். அதனால்தான் நீக்குகிறோம் என்று அவர்கள் எழுதுவதில்லை, நீங்களே கேட்ட மாதிரி எழுத வைக்கிறார்கள். தாளை நீட்டினால், "வீட்டில் பேசிவிட்டு வருகிறேன் சார்" என்று எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, முடி விஷயம். எவ்வளவு முடி வைக்கலாம் என்று பள்ளி விதி போடலாம். அதை எதிர்த்து வாதாடி ஜெயிப்பது கஷ்டம். ஆனால் விதியை மீறினால் பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும், பையன் தலையில் கத்தரி வைக்கக் கூடாது. பிரேயரில் நடந்தது, 17-வது பிரிவு தடுக்கிற மனரீதியான துன்புறுத்தல். சட்டம் வந்து இத்தனை வருடமாகியும் இதைப் பள்ளிகளுக்குப் பாடம் எடுக்க வேண்டியிருக்கிறது. கல்வி அலுவலகத்துக்குப் போனாலும் 'ஸ்கூலிலேயே பேசி முடிச்சுக்குங்க' என்பார்கள். அப்போது அந்த அலுவலக வாசலில் ஒருவர் வருவார், 'உள்ளே நமக்கு ஆள் இருக்கு, செலவாகும்' என்பார். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-க்கும் குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்கும் கூப்பிடக் காசு வேண்டாம். நடந்த தேதி, நேரம், பார்த்தவர்கள் யார் என்று ஒரு பக்கம் எழுதி, தலைமையாசிரியரிடம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் சீலும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் நான் பள்ளியின் பக்கம். பையன் கையில் வண்ணக் கயிறு இருக்கிறதா, பாருங்கள். கோயில் கயிறா, சாதிக் கயிறா என்று அவனிடமே கேளுங்கள், பிள்ளைகளுக்கு எந்த வண்ணம் யாருடையது என்று நன்றாகவே தெரியும். 2023-இல் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்தவர்களே வெட்டினார்கள். அதற்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, கயிறு, மோதிரம், நெற்றிக்குறி எல்லாவற்றையும் பள்ளியில் தடை செய்யச் சொன்னது. முடி அவனுடைய ஆசை. சாதிக் கயிறு பக்கத்து பெஞ்சுப் பையனை மிரட்டுகிற அடையாளம், அதைக் கழற்றச் சொன்னால் கழற்ற வேண்டியதுதான். 'நேர்த்திக்கடன்' என்று சமாளிக்காதீர்கள்.

அப்புறம், பள்ளி டைரியைப் பாருங்கள். 'ஒழுங்கான முடி' என்று மட்டும் இருந்தால் அதற்கு ஆளுக்கொரு அர்த்தம். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். அடுத்த கூட்டத்தில் நீளம் இவ்வளவு என்று எழுதிப் போடக் கேளுங்கள், மேலே கொஞ்சம் விட்டுக்கொள்ள இடம் கேளுங்கள். அந்தக் கூட்டத்துக்கு முன்னால் பையனிடம் அவனுக்கு எது வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போங்கள். நாளைக்குப் பள்ளிக்கு அவனை நீங்களே கொண்டுபோய் விடுங்கள். வகுப்பில் உட்கார விடவில்லை என்றால் அதையும் அந்தக் கடிதத்தில் சேர்த்து எழுதுங்கள்.